ஏலிம்புரத்துப் பிடியரிசி

மூன்றாவது வருஷமும் ஐப்பசி வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போனபின், தேரிக்காட்டுச் செம்மண் காற்றிலேறி ஏலிம்புரத்துக் கோயிலின் வெள்ளைச் சுவரைத் துருப்பிடித்தது போலாக்கியபின், ஊர்க்கிணற்றுக்குள் இறங்கியவர்கள் நாளுக்கு நாள் நீளமான கயிறு கேட்கத் தொடங்கியபின், ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை இந்த வருஷம் கிடையாது என்று உபதேசியார் சுவிசேஷமுத்து தலையைக் குனிந்துகொண்டு அறிவித்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில், வீட்டுக்கு வீடு பிடியரிசிக் கலயத்தில் அரிசி இருந்தது.

அந்த ஊர் அடுப்படிகளில் அடுப்புக்கு வலப்பக்கம் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலையில் அரிசி போடுமுன் முதல் பிடியைக் கடவுளுக்கென்று அதில் போட்டுவிட்டு மீதியைத்தான் உலையில் போடுவார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை ஒருத்தி நார்ப்பெட்டியோடு வந்து வீடு வீடாக அதைச் சேர்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். பதினோரு வருஷமாக அந்த ஒருத்தி எப்சிபா. எல்லா வீட்டு அடுப்படிக்கும் கேட்காமல் நுழைகிற உரிமை அவளுக்கு இருந்தது. அவள் கை கலயத்துக்குள் போனதுமே எத்தனை பிடி என்று சொல்லிவிடும், படியில் போட்டு அளக்கத் தேவையில்லை. பஞ்சம் வந்து உலைக்கே அரிசி இல்லாமல் போனபின் கலயங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை காலையில் அவை நிமிர்ந்திருந்தன. கடவுளுக்குப் போட்டு வைக்கும் கலயத்தில் கடவுள் போட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான்.

யாரும் பெரிதாகக் கூச்சல் போடவில்லை. பசித்த ஊர் முதலில் சமைத்தது, சாப்பிட்டது, பிறகுதான் கோயில் மணியை அடித்தது. தினமும் ஆளுக்கு ஒரு பிடி என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு நேரம் சோறு, மறுநேரம் அதன் நீராகாரம், அதற்குமேல் ஒரு பருக்கை கிடையாது, கிறிஸ்துமஸ் அன்றுகூடக் கிடையாது. உப்புக்கும் புளிக்கும் அவரவர் பாடு. மிச்சம் பிடித்து ஒளித்துவைத்தவன் வீட்டில் அது புழுத்துப் போகவுமில்லை, நாற்றமெடுக்கவுமில்லை, மறுநாள் அந்த அளவு குறைந்திருந்தது, அவ்வளவே. சுற்றுவட்டாரக் கோயில்களுக்கெல்லாம் பொறுப்பான சேகரத்துக் குருவானவர் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மேலே எழுதுகிறேன் என்றார். எழுதினார், பதில் வரவில்லை. நிவாரணப் பட்டியல் எடுக்க வந்த அதிகாரி ஒருவர் கலயங்களை எட்டிப் பார்த்துவிட்டு, சாப்பாடு கிடைக்கிற ஊருக்கு நிவாரணம் எதற்கு என்று பட்டியலிலிருந்து ஏலிம்புரத்தை அடித்துவிட்டுப் போனார்.

அரிசிக்கு நடக்கப்போவது தெரிந்திருந்தது. மகன் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிற அன்று, அவன் துணியை மடித்து வைக்குமுன்பே கலயத்தில் ஒரு பிடி குறைந்திருக்கும். விருந்தாள் வருகிற அன்று ஒரு பிடி கூடியிருக்கும். பெண்கள் அதைப் பார்த்துவிட்டு வாசலைத் தூத்துப் பெருக்கிக் காத்திருப்பார்கள், சாயங்காலத்துக்குள் யாராவது ஒரு கொழுந்தனோ சின்னம்மையோ பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். "எங்க வீட்டுக்காரரு தம்பி வாரதா இருந்தா காயிதம் போடாண்டாம், கலயத்துல போட்டுருவாவ" என்று கிணற்றடியில் சிரித்துக்கொண்டார்கள்.

கோயிலில் ஒரு கேள்வி வந்தது. கடவுளே போட்ட அரிசியில் கடவுளுக்கு முதல் பிடி எடுக்க வேண்டுமா? உபதேசியார் இரண்டு நாள் யோசித்தார். "அவரு அளந்து குடுத்ததுல அவருக்கே கிள்ளிக் குடுத்தா, ஓமக்கு அளக்கத் தெரியலன்னு சொன்ன மாதிரில்லா ஆயிரும்?" என்றார். எல்லாருக்கும் சரியென்று பட்டது. எப்சிபாவின் நார்ப்பெட்டி ஆணியில் ஏறியது.

அதோடு இன்னொன்றும் நின்றுபோயிற்று, அது நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அவரவருக்கு அவரவர் பிடி வந்துவிட்டதால், ஒரு உழக்கு அரிசி கடன் கேட்டு வேலியைத் தாண்டுவதும், கிண்ணத்தில் குழம்பு போவதும், அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பக்கூடாதென்று அதில் இரண்டு முருங்கைக்காய் வருவதும் இல்லாமல் போயின. அடுத்த வீட்டில் ஒரு கரண்டி கேட்பதென்றால் ஒரு ஆளின் வாயிலிருந்து எடுப்பது என்றாகிவிட்டது. பஞ்சத்தில்கூடத் திறந்திருந்த அடுப்படிக் கதவுகள் இந்த ஐந்து மாதத்தில் மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டன. யோவேல் வீட்டுக் கலயம் ஒருநாள் காலையில் துடைத்தது போல வெறுமையாக இருந்தது. அன்று மத்தியானமே செங்கல் சூளை லாரி வந்து, கணவன் மனைவி மூன்று பிள்ளைகள் என்று வீட்டோடு ஏற்றிக்கொண்டு போனது. போனபின் ஊர் பேசியது. என்ன பாவமோ, என்ன ஒளித்து வைத்தானோ, ஐந்து பேரையும் ஆண்டவர் ஒரே அடியாய்த் தம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாரே என்று பேசியது. எப்சிபாவும் கூடச் சேர்ந்து பேசினாள்.

இந்த ஐந்து மாதத்தில் ஊரில் ஒரு சாவும் விழவில்லை. விழாது என்றே எல்லாரும் நம்பத் தொடங்கியிருந்தார்கள். அந்த நம்பிக்கையால் எரிச்சலடைந்தவள் எப்சிபாவின் மாமியார் அன்னப்பழம் ஒருத்திதான். கண் போய் ஆறு வருஷம், இடுப்பு போய் இரண்டு வருஷம், மூத்த பிள்ளைகள் இரண்டு பேரை மண்ணில் வைத்தாயிற்று. நார்க்கட்டிலில் கிடந்தபடி காலையில் உலையில் அரிசி விழுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

"ஏளா எப்சி, என் பிடி இருக்கா?"

"இருக்கு அத்தை."

"இருக்கும், இருக்கும். எனக்கு அளக்கத நிறுத்தும் ஆண்டவரேன்னு நெதமும் கேக்கேன். எனக்குக் கண்ணு போன மாதிரி அவருக்குக் காது போயிட்டு போல."

"ஒன் பிடிய அவரு நிறுத்துனா நான் என் பிடியத் தருவேன், நீ எங்கயும் போக முடியாது" என்பான் மகன் ஏசுவடியான், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கிணறு வெட்டப் புறப்படும்போது. எதற்கும் சிரிக்கிற மனிதன் அவன். எழுபது அடியில் வராத தண்ணீர் எண்பதில் வரும், எண்பதில் வராதது நூறில் வரும் என்று தினமும் இறங்கிக்கொண்டிருந்தான். ஏழு வயது மகள் பியூலா, கண் தெரியாத தாய், அவன், அவள். நான்கு பிடி. எப்சிபாவின் கை தினமும் காலையில் அந்த நான்கை எண்ணிவிட்டுத்தான் மூச்சு விடும். மற்றப் பெண்கள் நம்பிக்கையோடு அப்படியே உலையில் கவிழ்த்தார்கள். அவளால் முடியவில்லை. நம்பிக்கை அவளுக்கும் இருந்தது, ஆனால் அது எண்ணிப் பார்த்தபின் வருகிற நம்பிக்கை.

பங்குனி மாதத்து ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் கை கலயத்துக்குள் போய் மண்ணைத் தொட்டது.

மறுபடி விட்டாள். கலயத்தை எடுத்துக் கவிழ்த்தாள். அடியில் விரலால் தடவினாள். ஒன்று குறைந்திருந்தால் ஒருவேளை மாமியாரோ என்று நினைத்திருப்பாள், நினைத்ததற்காக வெட்கப்பட்டுமிருப்பாள். மூன்று குறைந்திருந்தால் யார் மிஞ்சுவது என்று பதறியிருப்பாள். ஒன்றுமே இல்லை. நான்கு பேர் இருக்கிற வீட்டில் நான்கு பேருக்கும் இல்லை. ஒரு லாரியும் அவர்களைக் கேட்டு வருவதாக இல்லை.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பானையில் தண்ணீர் ஊற்றி ஏற்றினாள். மற்ற வீடுகளைப் போலத் தன் வீட்டுக் கூரையிலும் புகை எழும்ப வேண்டும், அவ்வளவுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது. பதினோரு வருஷம் ஊரின் கலயங்களுக்குள் கைவிட்டவளுடைய கலயம் காலி என்று ஊருக்குத் தெரியக்கூடாது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஞானப்பூ கூப்பிட்டாள். "மதினி! எங்க கலயத்துல இன்னைக்கு அரைப்பிடி கூட இருக்கு! அரை ஆளு யாரு மதினி வரப்போறது? எங்க நாத்துனா கைப்பிள்ளையத் தனியா அனுப்புதாளோ?"

"இருக்கும், இருக்கும்" என்றாள் எப்சிபா.

"ஒங்க வீட்ல?"

"எங்களுக்கு எப்பவும் போலத்தான்."

எதிர்வீட்டிலும் அரைப்பிடி கூட இருந்தது. கடைசி வீட்டிலும் அப்படித்தான். அந்தத் தெருவின் மற்ற எட்டு வீடுகளிலும் பெண்கள் விருந்தாளை நினைத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள், ஞானப்பூ ஏதோ ஞானப்பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே பெருக்கினாள். எட்டு விளக்குமாறும் செம்மண்ணில் உரசுகிற சத்தத்தை எப்சிபா வெறும் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் கூடி வந்திருக்கிறது, தன் வீட்டுக்கு மட்டும் துடைத்துவிட்டிருக்கிறது. தான் என்ன செய்தோம் என்று தேடினாள். எப்போதோ நார்ப்பெட்டியிலிருந்து காய்ச்சல்கார மகளுக்குக் கஞ்சிக்கென்று எடுத்த ஒரு பிடி ஞாபகம் வந்தது. அதுவாக இருக்குமோ?

"ஏளா, உலைல அரிசி விழலையே" என்றாள் அன்னப்பழம்.

"விழுந்துட்டு அத்தை, ஒங்களுக்குக் கேக்கல."

கிழவி தலையைத் திருப்பிக்கொண்டாள். என் பிடி இருக்கா என்று அன்று கேட்கவில்லை.

ஏசுவடியான் மண்வெட்டியை எடுத்தபோது எப்சிபா வாசலை மறித்து நின்றாள். "இன்னைக்குக் கெணத்துக்குப் போகாதீய."

"ஏன்?"

"எனக்கு நெஞ்சு படபடங்கு."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சரி, அம்மையின் கட்டில் நார் தொய்ந்து கிடக்கிறது, இன்றைக்கு அதையாவது இழுத்துக் கட்டுகிறேன் என்றான். தாயைத் தூக்கிப் பாயில் இறக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தான். எப்சிபா மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மாமியாரைப் பாயோடு இழுத்து மரத்தடிக்குக் கொண்டுவந்தாள். கூரை விழாத இடம், பாம்புப் பொந்து இல்லாத இடம், தீ வராத இடம் என்று பார்த்து நான்கு பேரையும் ஒரு நிழலுக்குள் வைத்து, நடுவில் தான் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது பியூலா பசி என்றாள். ஏசுவடியான் எழுந்து போய்ப் பானையைத் திறந்தான். உள்ளே நிற்கிற அவன் முதுகை மட்டும் எப்சிபா பார்த்தாள். அவன் மூடியை மெல்ல, சத்தம் வராமல் திரும்ப வைத்தான்.

"இதுக்கா படபடப்பு?" வெளியே வந்து அவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நாலு பேருக்கும் இல்லங்க. நாலு பேருக்கும்."

"யோவேல் வீட்டுக்கும்தான் இல்ல. அவன் செத்தா போனான்? சூளைல கல்லறுக்கான். நம்மளயும் சாயங்காலத்துக்குள்ள யாராவது வந்து கூட்டிட்டுப் போவாவளா இருக்கும். நல்ல தண்ணி உள்ள ஊரா இருந்தா சரி." சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "சரி, ஞானப்பூட்ட ஒரு பிடி வாங்கு. அரைப்பிடி கூட இருக்குன்னு அது காலைல கத்துனது எனக்கே கேட்டுச்சு."

"அது அவ விருந்தாளுக்கு வந்தது. அவளுக்கு அளந்ததக் கேக்கச் சொல்லுதீயளா? கேட்டா என்ன நெனைப்பா? யோவேலப் பத்தி நாம என்ன பேசுனோம்?"

"நீங்க பேசுனீய. நான் கெணத்துக்குள்ள கெடந்தேன்" என்றான். பிறகு, "ஒரு கிண்ணத்தத் தூக்கிட்டுப் போ எப்சி. இல்லன்னா நான் போறேன்" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம், என் மானத்தை வாங்காதீர்கள் என்றாள். பரணில் கிடந்த கடைசிக் கருப்பட்டித் துண்டை அவளே எடுத்துவந்து, கொதித்த தண்ணீரில் கரைத்து நான்கு தம்ளரில் ஊற்றினாள். அவன் தன் தம்ளரில் பாதியை மகளுக்கு ஊற்றிவிட்டு மீதியைக் குடித்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, திரும்பவும் கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

மூன்று மணி இருக்கும். நாரைக் குறுக்கே ஓட்டி, காலை மரச்சட்டத்தில் ஊன்றி, பல்லைக் கடித்து ஒரு இழுப்பு இழுத்தான். இழுத்தபடியே இருந்தான். எப்சிபா அப்போது மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நார் உரசுகிற சத்தம் நின்றதை முதலில் கேட்டது கிழவிதான்.

"எய்யா?" என்றாள். "எய்யா, அடியான்?"

இழுத்த நார் தொய்யாமல் அவன் கையிலேயே இருந்தது.

மணி அடித்தது. ஐந்து மாதத்தில் முதல் துக்கமணி என்பதால் ஊருக்கு அது என்ன சத்தம் என்று புரியவே சிறிது நேரமாயிற்று. கிணற்றிலிருந்து மண் அப்பிய உடம்போடு ஆட்கள் ஓடிவந்தார்கள். கிணறு அன்றைக்கும் ஒன்றும் கொடுத்திருக்கவில்லை, ஒன்றும் எடுத்திருக்கவும் இல்லை. அன்னப்பழம் மகனுடைய பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஆளு மாறிப் போச்சே ஆண்டவரே, ஆளு மாறிப் போச்சே" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்சிபா அழவில்லை. இன்னும் மூன்று பேர் பாக்கி என்று மகளை இறுகப் பிடித்தபடி காத்திருந்தாள். அரிசி பொய் சொல்லாது. நான்கு பேருக்கும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஞானப்பூ ஒரு மூடிய கிண்ணத்தோடு வந்தாள். துஷ்டி வீட்டில் அடுப்பு எரியாது, மூன்று நாளைக்கு அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து அந்த ஊரில் அதுதான் வழக்கம், பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஐந்து மாதமாகச் சாவே இல்லாததால் மறந்து கிடந்த வழக்கம். ஞானப்பூ படியேறியவள் நடுவாசலில் நின்றாள். கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். எப்சிபாவைப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி... யாரோ விருந்தாள் வாராவன்னுல்லா நான் வாசலப் பெருக்குனேன். பாட்டுப் படிச்சிட்டுல்லா பெருக்குனேன்."

அவள் பின்னால் எதிர்வீட்டுக்காரி வந்தாள். "எங்க வீட்லயும் அரைப்பிடி மதினி" என்று கிண்ணத்தை வைத்தாள். கடைசி வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி வந்தது. எட்டு வீட்டுச் சோறும் எப்சிபாவின் முன்னால் வரிசையாக வந்து உட்கார்ந்தது, ஒவ்வொன்றும் அரைப்பிடி அரிசியின் சோறு. ஒன்று குழைந்திருந்தது, ஒன்று நறுக்கரிசியாய் நின்றது, ஒன்றில் உப்பு கூடியிருந்தது. காலையில் அவள் கலயம் ஏன் காலியாக இருந்தது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. இந்த வீட்டில் அன்று உலை கொதிக்கப்போவதில்லை. அதனால் இந்த வீட்டு அரிசி தெருவெல்லாம் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. தெரிந்திருந்தது, விடியும்போதே எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் அரிசியைத்தான் இடம் மாற்றி வைத்தாரே ஒழிய அவனை விட்டுவைக்கவில்லை. அதற்காக அவள் கடவுளைக் கேட்க வைத்திருந்த கேள்வி நெஞ்சிலிருந்து தொண்டைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, அவள் கேட்காமலே அவள் கை எண்ணத் தொடங்கியது. பதினோரு வருஷப் பழக்கம்.

எட்டு அரைப்பிடி. நான்கு பிடி.

மறுபடி எண்ணினாள். மூன்று பிடி இருந்திருக்க வேண்டும். அவளுக்கு, மகளுக்கு, கிழவிக்கு. நான்கு இருந்தது. காலையிலேயே, வேலிக்கு அந்தப் பக்கம், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டால் கிடைக்கிற தூரத்தில், அவன் பிடியும் இருந்திருக்கிறது. அவன் போகிறேன் என்றான். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பாதித் தம்ளர் கருப்பட்டித் தண்ணீரோடு அவன் போயிருக்கிறான்.

தொண்டைக்கு வந்த கேள்வி அங்கேயே நின்றது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. அதற்குப்பின் அவள் உயிரோடிருந்த வருஷமெல்லாம் அது அங்கேதான் இருந்தது.

"ஏளா எப்சி" என்றாள் அன்னப்பழம் இருட்டுக்குள்ளிருந்து. அழுது அழுது குரல் காற்றாகியிருந்தது. "கிண்ணம் வைக்கிற சத்தம் கேட்டுது. எத்தனை பிடி வந்திருக்கு?"

அன்று காலை வரை அளவில் ஒருநாளும் பொய் சொல்லாத எப்சிபா, "மூணு அத்தை" என்றாள்.

"மூணா" என்றாள் கிழவி. "அப்பொ சரியாத்தான் இருக்கு."

பியூலாவுக்கும் மாமியாருக்கும் ஊட்டிவிட்டு, எப்சிபா தன் பிடியைச் சாப்பிட்டாள். பிறகு நான்காவது பிடியையும் எடுத்து முன்னால் வைத்து, ஒரு பருக்கை விடாமல், விழுங்க முடியாத இடத்தில் தண்ணீர் குடித்து விழுங்கி, அதையும் சாப்பிட்டாள். ஞானப்பூ தூணோரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எண்ணத் தெரியும்.

மூன்று நாளும் எப்சிபாவின் கலயம் வெறுமையாக இருந்தது, அடுத்த இரண்டு நாளும் எட்டு வீட்டுக் கிண்ணங்களும் சேர்ந்து மூன்று பிடியோடு வந்தன. நான்காம் நாள் காலையில் அவள் கை உள்ளே போனது. மூன்று. அவள் கலயத்தை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற குரலில், கட்டைத்தொண்டையில் கத்தினாள்.

"ஞானப்பூ! எங்களுக்கு மூணு!"

தெருவில் உரசிக்கொண்டிருந்த விளக்குமாறுகள் நின்றன. பிறகு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எங்களுக்கு அஞ்சு மதினி" என்று ஞானப்பூ சொன்னாள். எதிர்வீட்டுக்காரி, "எங்களுக்கு ரெண்டு" என்றாள்.

அந்த வருஷமும் மழை பெய்யவில்லை. கிணற்றில் நூற்றுப்பத்தடிக்கு மேல் கயிறு விட்டாயிற்று. அன்னப்பழம் அதற்குப்பின் தன் பிடி இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்கவில்லை, அவள் பிடியும் ஒருநாளும் நிற்கவில்லை. கோயில் மணி அடிக்குமுன், காக்கைகள் கத்துமுன், செம்மண்ணின் மேல் வெளிச்சம் பட்டும் படாமலும் இருக்கிற நேரத்தில், எங்களுக்கு மூணு, எங்களுக்கு அஞ்சு, எங்களுக்கு ரெண்டு, எங்களுக்கு ஏழு என்று பெண்களின் குரல் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும் பிறகு அடுத்த தெருவுக்குமாகப் போகும். போய் முடிந்ததும் உடனே யாரும் உலையில் அரிசி போடமாட்டார்கள். கையில் பிடித்த அரிசியோடு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார்கள், எந்த வீட்டிலிருந்து குரல் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு.